ஒளியும் நீரும் புண்ணும்

மாரி கழிந்து வெயில் எறிக்கத் தொடங்கியதும் பாயையும் தலையணையையும் முற்றத்திற் பரப்பி உலர்த்துவது வீடுகளில் நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கம். கைக்குழந்தையின் துணிகளை நிழலிற் காயவிடாது வெயிலிற் காயவிடுமாறு மூத்தோர் சொல்லுவதும் உண்டு. ஈரத்தைப் போக்குவதே இதன் நோக்கம் என்று எண்ணலாம். ஆயின் ஈரத்தைக் காற்றும் போக்கும், அடுப்பின் அனலும் போக்கும். வெயிலுக்கு இவற்றினும் வேறான ஓர் ஆற்றல் உண்டு. 1877ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஆதர் டவுன்ஸ், தோமஸ் பிளண்ட் என்னும் இருவர் நுண்ணுயிர்கள் வளரத்தக்க கரைசலைக் கண்ணாடிக் குழாய்களில் இட்டுச் சிலவற்றை வெயிலில் வைத்தனர். சிலவற்றை ஒளி புகாதவாறு மூடிவைத்தனர். மூடிய குழாய்களிலிருந்த கரைசல் நுண்ணுயிர் பெருகிக் கலங்கிற்று. வெயிலில் இருந்த கரைசலோ தெளிவாகவே இருந்தது. ஒளி நுண்ணுயிரைக் கொல்லும் என்பது அன்று தெளிவாயிற்று. அது எவ்வாறு கொல்லுகின்றது என்பதை அறிய இன்னும் பல்லாண்டுகள் சென்றன.

ஒளியாற் பிணி தீரும் என்பதை மருத்துவ உலகம் ஏற்கும்படி செய்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் பின்சன். அக்காலத்தில் ஐரோப்பாவிற் பலருடைய முகத்தை அரித்து உருக்குலைத்த தோற் காசநோயை அவர் கரிவில் விளக்கின் ஒளியை வில்லைகளாற் குவித்துப் பாய்ச்சிக் குணப்படுத்தினார். 1903ஆம் ஆண்டில் மருத்துவத்துக்கான நோபற் பரிசு அவருக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டிலே 43 வயதில் அவர் காலமானார். அவருடைய விளக்கிலிருந்து வந்த ஊதாக்கடந்த கதிர்களே கிருமிகளைக் கொன்றன என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. ஆனால் 2005ஆம் ஆண்டில் டென்மார்க் ஆராய்ச்சியாளர் அவருடைய பழைய கருவிகளை அளந்து பார்த்தபோது, கிருமியை நேரே கொல்லவல்ல குறுகிய அலைநீளக் கதிர்கள் அவ்வில்லைகளைக் கடந்து வெளிவரவே இல்லை எனக் கண்டனர். அவ்வாறாயின் கிருமிகளைக் கொன்றது எது?

விடைக்கு வழிகாட்டிய கண்டுபிடிப்புப் பின்சன் வாழ்ந்த காலத்திலேயே ஜேர்மனியின் மியூனிக் நகரில் நிகழ்ந்துவிட்டது. அங்கே பேராசிரியர் வொன் தாப்பைனரின் மாணவராகிய ஒஸ்கார் ராப், அக்கிரிடின் என்னும் சாயப்பொருள் நீரில் வாழும் ஒருகல உயிர்களுக்கு எவ்வளவு நஞ்சானது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒரே அளவு சாயம். ஒரே வகை உயிர்கள். எனினும் ஒரு நாள் அவை விரைவில் இறந்தன. வேறொரு நாள் நெடுநேரம் உயிரோடிருந்தன. சோதனை பிழைத்தது என்று அதனை ஒதுக்கிவிடாது, இரண்டு நாட்களுக்கும் இடையிலான வேற்றுமை யாதென அவர் தேடினார். அறையில் இருந்த வெளிச்சமே வேற்றுமை எனக் கண்டார். இருளில் அச்சாயம் பெரிதும் தீங்கற்றதாயிருந்தது. சாயமின்றி ஒளி மட்டும் பட்டபோதும் அவ்வுயிர்கள் இறக்கவில்லை. இரண்டும் சேர்ந்தபோதே இறந்தன. இம்முடிவு 1900ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இந்நிகழ்ச்சிக்கு மூன்றாவதாக ஒட்சிசனும் வேண்டும் என்பதைத் தாப்பைனரும் அவருடைய துணைவரும் சில ஆண்டுகளுள் நிலைநாட்டினர்.

பின்சனின் வெற்றிக்கும் இதுவே காரணமாயிருக்கலாம் என்று மேற்கூறிய டென்மார்க் ஆராய்ச்சியாளர் கருதினர். சில கிருமிகள் தம் உடலிலேயே போபிரின் என்னும் நிறப்பொருளை உண்டாக்கி வைத்திருக்கின்றன. ஒளி பட்டதும் அப்பொருள் அயலிலுள்ள ஒட்சிசனைக் கிளர்த்திக் கிருமியையே அழிக்கின்றது. ஆகவே ஒளி, ஒளியை வாங்கும் பொருள், ஒட்சிசன் என்னும் மூன்றும் ஓரிடத்திற் கூடவேண்டும். ஒன்று குறைந்தாலும் வேலை நடவாது. நீரைத் தூய்மையாக்கவும் புண்ணை ஆற்றவும் இன்று ஆராயப்படும் ஒளிதூண்டு பொருள்களில் மிகப் பலவற்றின் ஆற்றலும் குறைபாடும் இந்த ஒரு விதியினின்றும் பிறக்கின்றன.

இப்பொருள்களுள் மிகுதியாக ஆராயப்பட்டது தைத்தேனியம் ஈரொட்சைட்டு. தைத்தேனியம் என்னும் உலோகமும் ஒட்சிசனும் சேர்ந்த இப்பொருள் எவருக்கும் புதியதன்று. சுவருக்குப் பூசும் வெள்ளைத் தீந்தைக்கு வெண்மை தருவது இதுவே. இத்தகைய தீந்தை வெயில் படும் சுவரிற் சில ஆண்டுகளிற் பொடியாகி உதிர்வதைத் தீந்தை செய்வோர் முன்னரே கண்டு, அதனை ஒரு குறையாகக் கருதி, அத்தூளுக்கு வேறு பூச்சுக்கள் இட்டு அடக்கிவந்தனர். வெயில் பட்ட வெண்தூள் தன்னைச் சுற்றியிருந்த பசையைச் சிதைத்ததே அவ்வுதிர்வுக்குக் காரணம். பகையாயிருந்த அப்பண்பே பின்னர் நண்பனாக மாறிற்று.

1967ஆம் ஆண்டில் டோக்கியோப் பல்கலைக்கழகத்திற் பட்டமேற்படிப்பு மாணவராயிருந்த அக்கிரா புஜிசிமா, பேராசிரியர் கெனிச்சி ஹொண்டாவின் வழிகாட்டலில், தைத்தேனியம் ஈரொட்சைட்டுப் பளிங்கு ஒன்றை நீரில் அமிழ்த்தி, அதனைக் கம்பியாற் பிளாற்றினத் தகட்டுடன் இணைத்து, பளிங்கின்மேல் ஒளியைப் பாய்ச்சினார். பளிங்கிலிருந்து ஒட்சிசன் குமிழிகளும் தகட்டிலிருந்து ஐதரசன் குமிழிகளும் எழுந்தன. ஒளி விழுந்த அளவில் நீர் தன் கூறுகளாகப் பிரிந்தது. 1972ஆம் ஆண்டில் இச்செய்தி 'நேச்சர்' இதழில் வெளியாயிற்று. அடுத்த ஆண்டில் உலகெங்கும் எண்ணெய்த் தட்டுப்பாடு தோன்றவே, வெயிலிலிருந்து எரிபொருள் பெறலாம் என்னும் ஆசையால் அறிஞர் பலர் இப்பளிங்கை நாடினர். எரிபொருள் போதிய அளவு கிடைக்கவில்லை. ஆனால் 1977ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிராங்கு, பாட் என்னும் இருவர், இத்தூளும் ஒளியும் சேர்ந்து நீரிலுள்ள சயனைட்டு நஞ்சைச் சிதைப்பதைக் காட்டினர். 1985ஆம் ஆண்டில் யப்பானைச் சேர்ந்த மட்சுநாகாவும் அவர் குழுவினரும் பிளாற்றினம் ஏற்றிய இத்தூளினால் நீரிலுள்ள பற்றீரியாவும் மதுவமும் ஒளியில் இறப்பதைக் கண்டறிந்தனர். எரிபொருளைத் தேடிய பாதை நீர்த் தூய்மையில் வந்து சேர்ந்தது.

அத்தூளில் நிகழ்வது இதுவே. தூளின் அணுக்களில் இலத்திரன்கள் தத்தம் இடத்திற் கட்டுண்டிருக்கின்றன. போதிய வலுவுள்ள ஒளித்துணிக்கை ஒன்று வந்து தாக்கினால், ஓர் இலத்திரன் தன் இடத்தை விட்டு மேல்நிலைக்குத் தாவுகின்றது. அது விட்டுச் சென்ற இடம் வெறுமையாகின்றது. தாவிய இலத்திரன் மேற்பரப்பை அடைந்து ஒட்சிசனுடன் சேர்கின்றது. வெறுமையான இடமோ அருகிலுள்ள நீரிலிருந்து இலத்திரனைப் பறிக்கின்றது. இவ்விரு செயல்களாலும் பிறப்பவை மிகத் தீவிரமான துணிக்கைகள். அவற்றுள் ஐதரொட்சில் மூலிகம் என்பது எதிர்ப்பட்ட சேதனப் பொருள் எதனையும் தாக்கவல்லது. நுண்ணுயிரின் மேலுறை கிழிகின்றது, உள்ளிருப்பவை வெளியே கசிகின்றன, உயிர் அழிகின்றது. சாயக் கழிவும் மருந்துக் கழிவும் பூச்சிகொல்லி எச்சமும் படிப்படியாகச் சிதைந்து, போதிய நேரமும் ஒளியும் இருப்பின் கரியமில வாயுவும் நீருமாகின்றன. வடிகட்டி அழுக்கைப் பிடித்துவைப்பது மட்டுமே. பிடித்ததை ஒருவர் வேறெங்காவது கொட்டவேண்டும். இம்முறையோ அழுக்கையே இல்லாமற் செய்கின்றது. தூள் ஓர் ஊக்கியாகையால் அவ்வேலையில் தான் செலவாவதுமில்லை.

இத்துணிக்கைகளின் ஆயுள் மிகக் குறுகியது. ஒரு செக்கனின் நூறு கோடியில் ஒரு பங்களவே சில வேளைகளில் உள்ளது. ஆகையால் அவை பிறந்த இடத்தை விட்டு வெகுதூரம் செல்லமாட்டா. கிருமி தூளின் மேற்பரப்பை அணுகினாலன்றி வேலை நடவாது. தூளை இயன்றவரை நுண்ணியதாக்குவதன் காரணம் இதுவே. அரிசியை மாவாக இடித்தால் அதே அரிசி முன்னரிலும் விரைவில் நீரை உறிஞ்சுகின்றது. மேற்பரப்பு மிகுந்தமையே காரணம். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறிட்டால் ஒரு கூறு ஒரு நனோமீற்றர். ஏறக்குறைய 25 நனோமீற்றர் விட்டமுள்ள தைத்தேனியம் ஈரொட்சைட்டுத் தூளில் ஒரு கிராம் எடுத்தால், அதன் துகள்களின் மேற்பரப்பெல்லாம் சேர்ந்து 50 சதுர மீற்றரளவு ஆகும். ஒரு சிறு வீட்டின் தரையளவான பரப்பு ஒரு சிட்டிகைத் தூளில் அடங்குகின்றது. நனோப் பொருள் என்று பெயர்பெற்ற இத்தகைய தூள்களின் சிறப்பு இதுவே.

இனி, இதன் முதற் குறைபாட்டையும் கூறவேண்டும். எல்லா ஒளியும் இத்தூளைத் தூண்டாது. மதிலொன்றைத் தாண்ட வேண்டுமாயின் ஒரே பாய்ச்சலிற் பாயவேண்டும். பாதி உயரம் இருமுறை பாய்ந்தவன் மதிலுக்கு இப்புறமே நிற்பான். அதுபோல, ஏறக்குறைய 390 நனோமீற்றரினும் குறைந்த அலைநீளமுள்ள ஊதாக்கடந்த ஒளியே இங்கு இலத்திரனைத் தாவச் செய்யும். சிவப்பொளி எவ்வளவு மிகுதியாக விழுந்தாலும் பயனில்லை. நிலத்தை வந்தடையும் சூரிய ஆற்றலில் ஊதாக்கடந்த பங்கு நூற்றுக்கு நான்கு அல்லது ஐந்து மட்டுமே. எஞ்சிய பெரும்பங்கு வீணாகின்றது. எனவேதான் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் இயங்கும் பொருள்களை ஆராய்ச்சியாளர் தேடிவருகின்றனர். காபனும் நைதரசனும் சேர்ந்த காபன் நைத்திரைட்டு அத்தகைய ஒன்று. யூரியாவைப் போன்ற எளிய பொருளைச் சூடாக்கியே அதனைச் செய்யலாம். மொலித்தனம் சல்பைட்டு இன்னொன்று. 2023ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தினர், மொலித்தனம் சல்பைட்டு, செம்பு, அலுமினியம் ஒட்சைட்டு, இரும்பொட்சைட்டு ஆகியன சேர்ந்த தூளொன்றை வெளியிட்டனர். நீரில் அதனைக் கலந்து வெயிலில் வைத்தபோது சோதனைக்கு எடுத்த குடற்பற்றீரியா ஒரு நிமிடத்தில் அழிந்தது. தூளில் இரும்பொட்சைட்டு இருந்தமையால், வேலை முடிந்ததும் ஒரு காந்தத்தால் தூளை மீட்டெடுக்கவும் இயன்றது.

அக்காந்தம் ஒரு வேடிக்கைக்காகச் சேர்க்கப்பட்டதன்று. நீரைத் தூய்மையாக்கச் சென்ற தூள் நீரிலேயே தங்கிவிட்டால், ஓர் அழுக்கை நீக்கி மற்றோர் அழுக்கைச் சேர்த்ததாகும். தைத்தேனியம் ஈரொட்சைட்டை உணவுக்கு வெண்மையூட்டச் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2022ஆம் ஆண்டில் தடைசெய்தது. நனோ அளவிலான துகள்கள் உடலுக்குள் என்ன செய்யும் என்னும் ஐயமே அத்தடைக்கு வழிகோலிற்று. ஆகவே தூளைக் கண்ணாடியிலோ ஓட்டிலோ குழாயின் உட்புறத்திலோ ஒட்டவைத்து அதன்மேல் நீரைச் செலுத்துவது நன்று. ஆனால் ஒட்டவைத்த தூளின் ஒரு பக்கமே நீரைத் தொடும், வேகம் குறையும். ஸ்பெயின் நாட்டில் அல்மேரியாவிலுள்ள சூரிய ஆற்றல் ஆய்வுநிலையத்தில், வளைந்த ஆடிகளால் வெயிலைக் குழாய்களின்மேற் செலுத்திக் கழிவுநீரைத் தூய்மையாக்கும் முறைகள் பல ஆண்டுகளாக ஆராயப்பட்டு வருகின்றன.

இரண்டாவது குறைபாடு கலங்கல். கலங்கிய நீரினுள் ஒளி ஆழமாகச் செல்லாது. ஒளி செல்லாத இடத்திற் கிருமி பிழைத்துக்கொள்ளும். மூன்றாவது குறைபாட்டைப் பலரும் மறந்துவிடுகின்றனர். இம்முறை உயிரையும் சேதனப் பொருளையும் அழிக்குமேயன்றி, உப்பை அழிக்காது. உவர்நீரை இது நன்னீராக்காது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணறுகள் பலவற்றிற் பசளையாலும் மலசலக் கழிவாலும் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அத்தகைய கிணற்று நீரிலுள்ள கிருமியை ஒளிதூண்டு தூள் கொல்லக்கூடும்; நைத்திரேற்றை அது போக்கும் என்று நம்பி இருத்தல் தகாது. கிருமியற்ற நீரெல்லாம் குடிக்கத்தக்க நீர் ஆகிவிடாது.

எளிய வெயில் மட்டுமே செய்யக்கூடிய நன்மையையும் குறைத்து மதிப்பிடலாகாது. 1980ஆம் ஆண்டளவில் பெய்ரூத் நகரிலுள்ள அமெரிக்கப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அப்திம் அக்ரா என்பவர், வயிற்றோட்டம் கண்ட பிள்ளைகளுக்குக் கொடுக்கும் கரைசலைத் தெளிந்த போத்தலில் இட்டு வெயிலில் வைத்தே கிருமிநீக்கலாம் என்று காட்டினார். 1991ஆம் ஆண்டு தொடக்கம் சுவிற்சர்லாந்தின் நீராய்வு நிலையமொன்று இம்முறையை வளர்த்துப் பல நாடுகளிற் பரப்பியது. தெளிந்த நீரை நிறமற்ற பிளாஸ்ரிக் போத்தலில் இட்டு, நல்ல வெயிலில் ஆறு மணி நேரம் கிடத்தவேண்டும்; வானம் மூடியிருப்பின் அடுத்தடுத்து இரண்டு நாட்கள் வைக்கவேண்டும். ஆறு மணி நேரத்தைச் சில நிமிடங்களாகக் குறைப்பதும் ஒரு போத்தல் நீரைப் பல குடும்பங்களுக்குப் போதிய நீராகப் பெருக்குவதுமே புதிய பொருள்களிடம் எதிர்பார்க்கப்படும் பணி. 2022ஆம் ஆண்டில் உலகில் ஏறக்குறைய 220 கோடி மக்கள் பாதுகாப்பான குடிநீர் வசதியின்றி இருந்தனர் என்னும் ஐக்கிய நாடுகள் கணக்கை நோக்கின், அப்பணி எத்துணைப் பெரிதென்பது விளங்கும்.

நீரிலுள்ள கிருமியைக் கொல்லும் அதே முறையாற் புண்ணிலுள்ள கிருமியையும் கொல்லலாமன்றோ? இக்கேள்விக்கு இன்று ஓர் அவசரம் உண்டு. பெனிசிலின் முதலாய நுண்ணுயிர்கொல்லி மருந்துகளுக்கு அஞ்சாத கிருமிகள் பெருகிவருகின்றன. 2019ஆம் ஆண்டில் மட்டும் அத்தகைய கிருமிகளால் நேரடியாக இறந்தோர் தொகை ஏறக்குறைய 12 இலட்சத்து 70 ஆயிரம் என ஓர் உலகளாவிய ஆய்வு மதிப்பிட்டது. நீரிழிவு நோயாளரின் காற்புண்ணில் கிருமிகள் பசைபோன்ற படலமொன்றை அமைத்து அதனுள்ளே ஒளிந்து வாழ்கின்றன. இரத்தவோட்டம் குன்றிய காலுக்கு மருந்து சரிவரச் சென்று சேர்வதில்லை; சென்றதும் படலத்தை ஊடுருவுவதில்லை. ஆறாத புண் ஈற்றில் விரலையோ காலையோ இழப்பதில் முடிவதும் உண்டு.

மருந்துக்குத் தப்பும் கிருமி பெரும்பாலும் ஒரே ஒரு மாற்றத்தாலே தப்புகின்றது. மருந்து பற்றும் இடத்தை அது மாற்றிக்கொள்ளும். அல்லது மருந்தை வெளியே தள்ளிவிடும். ஒளியாற் கிளர்ந்த ஒட்சிசனோ ஓரிடத்தை மட்டும் தாக்குவதில்லை. உறையையும் புரதத்தையும் மரபுப்பொருளையும் ஒருங்கே தாக்குகின்றது. இத்தனை வாயிலையும் ஒரு மாற்றத்தால் அடைத்துவிடுதல் கிருமிக்கு எளிதன்று. மருந்தை எதிர்க்கும் கிருமியும் எதிர்க்காத கிருமியும் ஒளிக்கு ஏறக்குறைய ஒரே வகையில் மடிவதைச் சோதனைகள் பல காட்டியுள்ளன.

எனினும் மனித உடலின் கலங்களும் இத்தாக்குதலுக்கு விலக்கானவையல்ல. அவற்றைக் காப்பதற்கு வழிகள் உண்டு. பற்றீரியாவின் மேற்புறத்தில் மறையேற்றம் மிகுதி. ஆகவே நேரேற்றமுள்ள மெதிலீன் நீலம் போன்ற சாயங்கள் அதனையே முதலிற் பற்றுகின்றன. கிளர்ந்த ஒட்சிசனும் நெடுந்தூரம் செல்லாது அவ்விடத்திலேயே அடங்கிவிடுகின்றது. ஒளி விழாத இடத்தில் மருந்து உறங்குகின்றது. விளக்கை அணைத்ததும் வேலை நின்றுவிடுகின்றது. உண்ணும் மருந்து உடல் முழுவதும் பரவிக் குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்களையும் கொல்லும். இதுவோ ஒளிக்கற்றை விழுந்த இடத்துக்கு மட்டுமே மருந்து.

கனடாவின் வன்கூவர் நகர மருத்துவமனை ஒன்றில் 2011, 2012ஆம் ஆண்டுகளில் இம்முறை பெருமளவிற் பயன்படுத்தப்பட்டது. சத்திரசிகிச்சைக்கு முன்னர் நோயாளரின் மூக்கினுள் மெதிலீன் நீலத்தைத் தடவிச் சில நிமிடம் சிவப்பொளியைப் பாய்ச்சினர். மூக்கினுள் வாழும் கிருமியே பின்னர் சத்திரசிகிச்சைப் புண்ணைச் சென்றடைதல் உண்டு. மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் இவ்வாறு பேணப்பட்டபோது, புண்ணிற் கிருமி தொற்றியோர் முன்னைய ஆண்டுகளில் நூற்றுக்கு 2.7 ஆக இருந்தது 1.6 ஆகக் குறைந்தது. அவர்களின் உடலைக் கிருமிநாசினியாலும் துடைத்திருந்தமையால் வெற்றி முழுவதும் ஒளியினதே என்று கொள்வதற்கில்லை. ஆயினும் ஆய்வுகூடத்தை விட்டு நோயாளரின் கட்டிலருகே ஒளி வந்து சேர்ந்தமைக்கு அது நல்ல சான்று.

திறந்த புண்ணில் வேலை இன்னும் கடினம். மின்சூள் விளக்கொன்றை இருளில் உள்ளங்கையாற் பொத்தினால் விரல்களினூடே சிவப்பு நிறமே தெரியும். ஏனைய நிறங்களைத் தசையும் குருதியும் விழுங்கிவிடுகின்றன. நீலவொளியும் ஊதாக்கடந்த ஒளியும் தோலின் மேற்படையைத் தாண்டிச் செல்வது அரிது. ஊதாக்கடந்த ஒளி உடற்கலங்களுக்குத் தீங்கும் செய்யும். சிவப்பொளி சில மில்லிமீற்றர் செல்லும். அதற்கும் அப்பாலான செங்கீழ் ஒளி இன்னும் சற்று ஆழம் செல்லும். எனவே செங்கீழ் ஒளியை வாங்கி வெப்பமாக மாற்றிக் கிருமியைச் சுடும் பொன் நனோத்துகள்களும், அதனை வாங்கிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றிச் சாயத்துக்கு வழங்கும் துகள்களும் ஆராயப்படுகின்றன. இவற்றைத் தாங்கிய கட்டுத்துணிகளும் களிகளும் விலங்குகளின் புண்களில் நல்ல பயன் காட்டியுள்ளன. மனிதரில் நிகழ்ந்த சோதனைகள் பெரும்பாலும் சிறியன. எலியின் முதுகில் இரண்டு நாட்களுக்கு முன் உண்டாக்கிய புண்ணும், முதியவர் ஒருவரின் காலில் இரண்டு ஆண்டுகளாக ஆறாதிருக்கும் புண்ணும் ஒன்றாகா.

இலங்கைக்கு இவ்விடயத்தில் மண்ணளவிலான ஓர் உறவும் உண்டு. திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டைக் கடற்கரையின் கருமணலில் இல்மனைற்று, உரூத்தைல் என்னும் தைத்தேனியக் கனியங்கள் செறிந்துள்ளன. உரூத்தைல் என்பது இயற்கையிற் கிடைக்கும் தைத்தேனியம் ஈரொட்சைட்டே. புஜிசிமா நீரில் அமிழ்த்திய பளிங்கும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. மணலாக அள்ளி விற்கப்படும் பொருளுக்கும், நீரைத் தூய்மையாக்கும் நனோத்தூளுக்கும் இடையே இருப்பது அறிவும் உழைப்புமே.

ஆய்வுகள் நிறைவெய்தும்வரை குடிநீரைக் கொதிக்கவைத்து ஆற்றுவதும், புண்ணைச் சுத்தமான நீராற் கழுவி மூடுவதும், நீரிழிவுள்ளோர் தம் பாதங்களை நாடோறும் பார்த்துக்கொள்வதும், ஆறாத புண்ணுடன் காலந்தாழ்த்தாது மருத்துவரை அடைவதும் மாறாத விதிகள். புதிய தூளொன்று எல்லாக் கிருமியையும் நொடியிற் கொல்லும் என்று விளம்பரம் செய்யப்படும்போது, மூன்று கேள்விகளைக் கேட்டால் அதன் உண்மை பெரும்பாலும் விளங்கிவிடும். அப்பொருளுக்கு எத்தகைய ஒளி வேண்டும்? அவ்வொளி கிருமி இருக்கும் ஆழத்துக்குச் செல்லுமா? வேலை முடிந்தபின் அப்பொருள் எங்கே போகும்? மியூனிக் நகரத்து மாணவர் ஒருவர், ஒரு நாளிலிருந்து மற்றொரு நாள் ஏன் வேறுபட்டது என்று கேட்டதிலிருந்தே இவ்வறிவெல்லாம் தொடங்கிற்று. அதனைப் பயன்கொள்வதற்கும் அவ்வாறு கேட்கும் பழக்கமே துணைசெய்யும்.